மௌனம் சம்மதமா?

“மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி” என்பது நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வரும் மொழி. பெண் பார்க்கும் கூடத்திலும், பஞ்சாயத்துத் திண்ணையிலும், அலுவலகக் கோப்பிலும் இம்மொழி பலமுறை பயன்பட்டிருக்கிறது. பயன்பட்ட இடங்களிலெல்லாம் நீதியாகப் பயன்பட்டதா என்பது வேறு கேள்வி. தலை குனிந்து நின்ற பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று கொண்டவர்கள், அவள் வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எண்ணிப் பார்த்ததில்லை. அப்பழைய கேள்வி இன்று நம் உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவியின் வழியே புதிய உருவில் வந்து நிற்கிறது. பாட்டுக் கேட்டல் என்னும் எளிய இன்பத்தை முன்னிட்டு அதனைச் சிறிது ஆராய்வோம்.

பிழைப்பு நாடித் தலைநகருக்கு வந்து குடியேறிய நமக்குப் பாட்டு வெறும் பொழுதுபோக்கு அன்று. தெருவில் இந்தி, அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், பிள்ளைகளின் பள்ளியிலும் அவையே. அடுக்களையில் தாளிக்கும் ஓசையோடு ஒரு பழைய பாட்டும் கலந்து ஒலிக்கும் காலை நேரத்தில்தான் வீடு முழுவதும் தமிழாகிறது. ஒரு காலத்தில் அதற்காக நம் குடும்பங்கள் பட்ட பாடு சிறிதன்று. கோடை விடுமுறைக்கு ஊர் சென்று ஜி.டி. எக்ஸ்பிரஸில் திரும்பும்போது, அப்பளக் கட்டுக்கும் ஊறுகாய் ஜாடிக்கும் இடையே துணி சுற்றிய ஒலிநாடாக்கள் பெட்டியில் வந்தன. நாடா சிக்கினால் பென்சிலைச் செருகிச் சுற்றி மீட்டோம். இன்று அத்தொல்லை இல்லை. பாட்டுச் செயலிகள் வந்துவிட்டன. கானா, சாவன் முதலியவற்றைத் தொடர்ந்து, சுவீடன் நாட்டில் தோன்றிய ஸ்பாட்டிஃபையும் 2019 பிப்ரவரியில் இந்தியாவிற்கு வந்தது. கேட்ட பாட்டு கேட்ட நொடியில் கிடைக்கிறது. இவ்வசதிக்கு நாம் நன்றி பாராட்டவே வேண்டும். குறை கூறுமுன் நிறை கூறுதல் முறை.

ஆயினும், இச்செயலிகளைப் பயன்படுத்துவோர் பலர் சலித்துக்கொள்வதையும் கேட்கிறோம். நேற்று இருந்த இடத்தில் இன்று பொத்தான் இல்லை. எழுபது வயதுத் தந்தைக்குப் பொறுமையோடு, “இங்கே தொடுங்கள், அப்பா” என்று கற்பித்த பாடம், ஓர் இரவில் வந்த மாற்றத்தால் வீணாகிறது. பாட்டைத் தேடித் திறந்தால் படம் ஆடுகிறது. ஆலாபனை ஒரு துண்டு, கீர்த்தனை ஒரு துண்டு, தனி ஆவர்த்தனம் ஒரு துண்டு என்று அறுக்கப்பட்ட கச்சேரி, சீட்டுக்கட்டைப் போல் கலைக்கப்பட்டு, மங்களம் முதலிலும் வர்ணம் இடையிலுமாக ஒலிக்கிறது. இவை எல்லாவற்றிற்கும் மேலாக, நாம் எந்தப் பாட்டைக் கேட்கிறோம் என்பது, நாம் அறியாமலே, நம்மை அறிந்தவர்களின் திரையில் தெரிகிறது.

இவை தனித்தனிக் குறைகளாகத் தோன்றினும் வேர் ஒன்றே. நம்மைக் கேளாமல் நமக்காக ஒருவர் முடிவு செய்கிறார். நாம் மறுக்காததை உடன்பாடு என்று கொள்கிறார். இந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்?

முதல் விருப்பம் யாருடையது?

எந்தக் கருவியும் நம் கைக்கு வரும்போதே சில ஏற்பாடுகளோடு வருகிறது. பிள்ளைகள் இதனை ‘டீஃபால்ட்’ என்பார்கள். வேண்டாதவர் மாற்றிக்கொள்ளலாம் என்பது உண்மையே. ஆனால் பெரும்பாலோர் மாற்றுவதில்லை. மாற்றலாம் என்பதையே அறிவதில்லை. ஆகையால், முதலில் இட்டு வைத்த ஏற்பாடே இலட்சக்கணக்கானவர்களின் வழக்கமாகிவிடுகிறது.

இங்கிலாந்துப் பாடகி அடேல், 2021 நவம்பரில் ‘30’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டபோது இதனைச் சுட்டிக் காட்டினார். தொகுப்பின் பாடல் வரிசை ஒரு கதையைச் சொல்வது. அதனைக் கலைத்துப் போடும் ‘ஷஃபிள்’ பொத்தானே முதலில் நிற்கலாகாது என்று வேண்டினார். ஸ்பாட்டிஃபை நிறுவனமும் இசைந்து, கட்டணம் செலுத்துவோருக்குத் தொகுப்புகள் வரிசைப்படியே ஒலிக்குமாறு ஏற்பாட்டை மாற்றியது. கலைத்துக் கேட்க விரும்புவோர் அப்போதும் கலைத்துக் கேட்கலாம். மாறியது ஒரு பொத்தானின் இடமே. எனினும், யாருடைய விருப்பம் முதல் விருப்பம் என்னும் கேள்விக்கு அம்மாற்றம் ஒரு விடை.

வர்ணத்தில் தொடங்கி, கீர்த்தனைகளும் விரிவான இராகமும் தனி ஆவர்த்தனமும் கடந்து, துக்கடாக்களோடு நிறையும் கச்சேரி முறையை வகுத்த பெருமை அரியக்குடி இராமானுஜ ஐயங்காருக்கு உரியது என்பர். அவர் மறைந்தது 1967-இல். அவருக்காக இன்று யார் விண்ணப்பம் செய்வார்? உயிரோடும் புகழோடும் இருப்பவர் கேட்டால்தான் வரிசை திரும்பக் கிடைக்கும் என்றால், மற்றவர்களின் மௌனம் சம்மதமாகவே எழுதப்பட்டுவிடும்.

பகிர்தலும் பறித்தலும்

பாட்டைப் பிறரோடு பகிர்ந்து மகிழ்வது புதியதன்று, தீயதும் அன்று. விவித் பாரதி 1957 அக்டோபர் 3-ஆம் நாள் தொடங்கியது. அதிலும் இலங்கை வானொலியிலும் நேயர் விருப்பம் கேட்டு வளர்ந்தவர்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அஞ்சலட்டையில் பாட்டின் பெயரையும், தம் பெயரையும், அக்கா, அத்தான், பக்கத்து வீட்டுக் குழந்தை பெயர் வரையிலும் எழுதி அனுப்பிவிட்டு, அறிவிப்பாளர் அதனைப் படிக்கும் நொடிக்காக வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். இன்று ஜார்க்கண்டில் இருக்கும் ஜும்ரி தலையா என்னும் சிற்றூர், இவ்வாறு எழுதி எழுதியே நாடெங்கும் பெயர் பெற்றது. சபாவில் துண்டுச் சீட்டில் இராகத்தின் பெயரை எழுதி மேடைக்கு அனுப்பும் இரசிகரும் இவ்வினத்தவரே.

ஆனால் ஒன்றை நோக்க வேண்டும். அஞ்சலட்டை எழுதியவர் தம் கையால் எழுதினார். எழுதாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்களின் பெயர்களை எந்த அறிவிப்பாளரும் படிக்கவில்லை. கேட்பவன் தானே முன்வந்து தன் பெயரைத் தருவது பகிர்தல். அவன் வாளா இருக்கையில் அவன் பெயரை எடுத்துப் படிப்பது பறித்தல்.

2011 செப்டம்பரில் ஸ்பாட்டிஃபையும் ஃபேஸ்புக்கும் கைகோத்தன. புதிதாகச் சேர்பவர்கள் ஃபேஸ்புக் கணக்கு வைத்திருந்தே ஆகவேண்டும் என்று விதிக்கப்பட்டது. கேட்கும் பாட்டு உடனுக்குடன் நண்பர்களின் பார்வைக்குப் போயிற்று. எதிர்ப்பு எழுந்தது. சில நாட்களிலேயே, பிறர் அறியாமல் கேட்பதற்கு ஒரு வழி திறந்து விடப்பட்டது. ஃபேஸ்புக் கட்டாயமும் 2012-இல் நீங்கியது. இதற்கு ஓராண்டு முன்னர், 2010-இல், ஆப்பிள் நிறுவனம் ‘பிங்’ என்ற பெயரில் இசை இரசிகர்களுக்கென ஒரு கூடத்தைத் தன் ஐட்யூன்ஸில் அமைத்தது. மக்கள் அதனை நாடவில்லை. 2012 செப்டம்பரில் அது மூடப்பட்டது. பாட்டுக் கேட்பவர்கள் எல்லாரும் பார்க்கப்பட விரும்புகிறவர்கள் என்ற கருத்து அன்றே பொய்த்தது. ஆயினும் அக்கருத்து இன்னும் ஓய்ந்தபாடில்லை.

தனிமையில் கேட்கும் பாட்டு

“இதில் மறைக்க என்ன இருக்கிறது? நல்ல பாட்டுக் கேட்பதில் வெட்கம் ஏது?” என்று சிலர் வினவுவர். நம் குடியிருப்பில் நிகழ்ந்த இரண்டினை, பெயர் தவிர்த்துச் சொல்கிறோம்.

மனைவியை இழந்த ஒருவர், அவ்வாண்டு முழுவதும் இரவில் உறங்குமுன் ஒரே பாட்டைக் கேட்டு வந்தார். அது அவ்வம்மையார் அடுக்களையில் முணுமுணுத்த பாட்டு. பெற்ற மகனிடமும் அவர் அதனைச் சொன்னதில்லை. ஒருநாள் அலுவலக இளைஞர் ஒருவர், “என்ன சார், தினமும் ராத்திரி ஒரே பாட்டா?” என்று வேடிக்கையாகக் கேட்டார். அவருடைய திரையில் அது தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. இளைஞர்மீது பிழையில்லை, அவருக்குக் காரணம் தெரியாது. டிசம்பரில் அச்செயலியே வண்ணக் காகிதங்கள் சிதறும் படத்தோடு, அவ்வாண்டில் அவர் மிகுதியாகக் கேட்ட பாட்டு இதுவென்று அறிவித்து, நண்பர்களோடு கொண்டாடுமாறு அழைத்தது. கணக்கில் தவறில்லை. ஆனால் எண்ணப்பட்டவை ஒரு மனிதர் அழுத இரவுகள். அதற்குப்பின் அவர் அப்பாட்டைக் கேட்பதில்லை.

மற்றொன்று, ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் குழந்தையைப் பற்றியது. பாட்டியிடம் வளர்ந்ததால் பழைய தமிழ்ப் பாட்டுகளில் அவளுக்கு ஆசை. வகுப்புத் தோழியர் அவள் கேட்பதைத் திரையில் கண்டு நகைத்தார்கள். அவள் சண்டையிடவில்லை, அழவுமில்லை. தோழியர் கேட்கும் பாட்டுகளையே தானும் ஓடவிடத் தொடங்கினாள். நாடெங்கும் சங்கம் வைத்து, ஞாயிறுதோறும் வகுப்பு நடத்தி நாம் காக்க முயல்வது எதுவோ, அது ஒரு சிறு திரையின் ஓரத்தில் சத்தமின்றிக் கரைந்து போயிற்று. பார்க்கப்படுகிறோம் என்ற எண்ணம் வந்தவுடன் செவி தனக்காகக் கேட்பதை விட்டுவிடுகிறது. பார்ப்பவருக்காகக் கேட்கத் தொடங்குகிறது. பெருமைக்காகக் கீர்த்தனையை ஓடவிட்டுக் காதில் வாங்காதவரும், வெட்கத்தால் தாலாட்டை நிறுத்திய குழந்தையும் ஒரே நோயின் இரு குறிகள்.

அலுவலகம் கற்பித்த பாடம்

“வேண்டாதவர் அணைத்துவிடலாமே” என்பது அடுத்த மறுப்பு. நம்மில் பலர் கோப்புகளோடு வாழ்பவர்கள். “குறித்த நாளுக்குள் மறுப்பு வராவிடில் ஒப்புதல் அளித்ததாகக் கொள்ளப்படும்” என்னும் வரி நமக்குப் புதியதன்று. அவ்வரி நியாயமாவது எப்போது? சுற்றறிக்கை உரியவர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அதன் பொருள் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். எண்ணிப் பார்க்க அவகாசம் தந்திருக்க வேண்டும். மறுத்தால் தீங்கு வராது என்ற உறுதி இருக்க வேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் அம்மௌனத்தைச் சம்மதம் என்று எழுதுவது அறமன்று.

இந்நான்கும் அமைந்த இடத்திலும் சில செய்திகளில் அவ்வரியை நாம் எழுதுவதில்லை. நமக்குப் பின் நம் பணம் யாருக்குச் சேர வேண்டும் என்னும் நியமனப் படிவத்தை மேலதிகாரி நமக்காக நிரப்புவதில்லை. நாமே நிரப்பி, சாட்சிகள் முன்னிலையில் கையொப்பம் இடுகிறோம். பணத்திற்கு இத்தனை எச்சரிக்கை உண்டு. மனத்தை வெளியே காட்டும் ஏற்பாட்டிற்கோ, ஐந்தாறு படிகள் கடந்து உள்ளே எங்கோ இருக்கும் ஒரு சிறு பொத்தானே காவல்.

சட்டமும் இப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகள், மௌனமும், முன்னரே குறியிட்ட கட்டமும் சம்மதம் ஆகா என்று கொள்கின்றன. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் என்பது தடையின்றி, அறிந்து, தெளிவான செயலால் தரப்படுவதாக இருக்க வேண்டும் என்கிறது. மௌனத்தின் அறிகுறியைச் சட்டம் கைவிடத் தொடங்கியுள்ளது.

குறிப்பறிதல்

சட்டம் எட்டும் தொலைவு வரையில்தான் எட்டும். அதற்கு அப்பால் இருப்பது பண்பு. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ என்ற ஒரே பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன. பொருட்பாலில் ஒன்று, இன்பத்துப்பாலில் ஒன்று. பிறர் சொல்லாததை முகம் நோக்கி உணர்தல் அரசவைக்கும் வேண்டும், காதலுக்கும் வேண்டும் என்று வள்ளுவர் கருதினார் போலும். இன்றைய செயலியும் ஒருவகையில் குறிப்பறிவதே. எந்நேரத்தில் எதைக் கேட்கிறோம், எந்த இடத்தில் நிறுத்துகிறோம், எதனைத் திரும்பத் திரும்ப நாடுகிறோம் என்பவற்றை அது அறிகிறது. ஆனால் குறிப்பறிந்த நண்பன் அறிந்ததைத் தன் நெஞ்சில் வைத்து, நமக்கு வேண்டியதைச் செய்வான். ஊரைக் கூட்டிச் சொல்ல மாட்டான். அறிவதற்கு இயந்திரத்தைப் பழக்கிவிட்டார்கள். அறிந்ததை அடக்கி வைக்கவும் பழக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கதவடைத்துக் கேட்க வேண்டும் என்பது நம் கருத்தன்று. சங்கம் என்ற சொல்லுக்கே கூடுதல் என்பது பொருள். பொங்கல் விழாவில் ஒருவர் பாட, நூறு பேர் தாளமிடும் இன்பத்தைத் தனிமை தராது. ஊரிலிருக்கும் தாய், மகன் கேட்கும் பாட்டைத் தானும் அந்நேரத்தில் கேட்டு ஆறுதல் கொள்வாள் என்றால், அந்த வழி திறந்தே இருக்கட்டும். திறப்பவன் மகனாக இருக்க வேண்டும் என்பதே நம் வழக்கு.

ஆகவே, நம் குடும்பங்கள் செய்யத்தக்கவை சில உண்டு. வீட்டுப் பிள்ளைகள் ஒரு விடுமுறை நாளில் பெரியவர்களோடு அமர்ந்து, அவர்கள் கைப்பேசியில் எது வெளியே தெரிகிறது, எது தெரிவதில்லை என்பதைக் காட்டி, அவர்கள் விருப்பத்தைக் கேட்டு, அதன்படி அமைத்துத் தரலாம். பெரியவர்களும் பிள்ளைகள் கேட்கும் பாட்டை ஒற்றறியாமல், “என்ன பாட்டு அது? எனக்கும் போடு” என்று வாய்விட்டுக் கேட்கலாம். பிறர் கேட்பது நம் திரையில் தென்பட்டால் அதனை நகைப்புக்கு உரியதாக்காமல் விட்டுவிடலாம். செயலிகளை அமைப்பவர்களில் இன்று நம் பிள்ளைகளும் பலர். பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் குருகிராமத்திலும் அப்பணி செய்வோருக்கு நாம் சொல்லத்தக்கது ஒன்றே: முதலில் மூடி வையுங்கள், திறக்கலாமா என்று கேளுங்கள், விடை வரும்வரை காத்திருங்கள். பேசாமல் இருப்பவர் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.