வஸ்வாஸ் பிடித்த பிள்ளையும் பெற்றோரின் பொறுப்பும்

தூய்மையை ஈமானின் ஒரு பாதியாக மதித்த மார்க்கம் நம்முடையது. ஐவேளைத் தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவக் கற்றுக் கொடுத்த அதே மார்க்கம், கழுவுவதற்கு ஓர் அளவையும் வைத்திருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்' அளவுத் தண்ணீரில் ஒளுச் செய்வார்கள் என்று முஸ்லிம் ஷரீபில் வருகிறது. இன்றைய கணக்கில் அது முக்கால் லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரைதான். மூன்று முறைக்கு மேல் கழுவுவது வரம்பு மீறுதல் என்று அன்னார் எச்சரித்ததும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது.

இந்த அளவை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். நம் ஆரணியில் பட்டுத் தறி ஓடும் தெரு ஒன்றில் இருக்கும் வீடு என்றே வைத்துக்கொள்வோம். பதினாறு வயதுப் பையன். ஃபஜ்ருக்கு எழுந்தவன் சூரியன் உதித்த பிறகும் குழாயடியை விட்டு நகரவில்லை. முழங்கை நனைந்ததா என்று சந்தேகம், மறுபடி கழுவுகிறான். தக்பீர் கட்டியவன் நிய்யத் சரியாக வரவில்லை என்று கையை அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டுகிறான். கைவிரல் தோல் உரிந்து இரத்தம் கசிகிறது. பள்ளிக்கூடம் போவது நின்றுவிட்டது. "டாக்டரிடம் போகலாம், வாப்பா" என்று தாய் கெஞ்சினால், "எனக்கு ஒன்றுமில்லை, என்னைப் பைத்தியம் என்கிறீர்களா?" என்று கதவைச் சாத்திக்கொள்கிறான்.

இத்தகைய வீட்டார் உலமாக்களிடம் கேட்பவை மூன்று கேள்விகள். இது பேணுதலா, நோயா? பிள்ளையின் வேதனையைத் தணிக்க அவன் கேட்பதையெல்லாம் செய்து கொடுப்பது நன்மைதானா? வர மாட்டேன் என்பவனைக் கட்டாயப்படுத்தி இழுத்துச் செல்லலாமா? இவற்றில் முதல் கேள்விக்கு விடை எளிது. மற்ற இரண்டும்தாம் பெற்றோரின் நெஞ்சைப் பிளப்பவை.

பேணுதல் அன்று, பிணி

வஸ்வாஸ் என்னும் ஊசாட்டத்தைப் பற்றி நம் முன்னோர்கள் தனி நூல்களே எழுதியிருக்கிறார்கள். இமாமுல் ஹரமைன் அவர்களின் தந்தையார் அபூ முஹம்மது ஜுவைனீ (வஃபாத்து ஹிஜ்ரி 438) இதற்கென்றே ஒரு கிதாபு இயற்றினார்கள். ஹன்பலி மத்ஹபின் பேரறிஞர் இப்னு குதாமா (வஃபாத்து ஹிஜ்ரி 620) அவர்களும் அவ்வாறே செய்தார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்பே, பல்கு நகரத்து அறிஞர் அபூ ஸைத் பல்கீ (வஃபாத்து ஹிஜ்ரி 322, கி.பி. 934) உடல் நலத்தையும் உள்ள நலத்தையும் சேர்த்து எழுதிய நூலில், கோபம், அச்சம், துக்கம் ஆகியவற்றோடு நான்காவதாக இந்த ஓயாத எண்ணத் தொல்லையைத் தனி நோயாகப் பிரித்து, அதற்குரிய சிகிச்சையையும் விளக்கினார்கள். 2015இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை, இன்றைய மருத்துவர்கள் ஓ.சி.டி. என்று கூறும் எண்ணச் சுழற்சி நோயின் இலக்கணம் பல்கீ அவர்களின் வருணனையோடு பெரிதும் ஒத்துப்போவதைக் காட்டியது. ஆகவே, இதை நோய் என்பது மேல்நாட்டாரிடம் கடன் வாங்கிய பேச்சு என்று யாரும் எண்ண வேண்டாம்.

இந்நோய் தொழுகையாளியை மட்டும் பிடிப்பதும் இல்லை. கோவிலுக்குப் போகும் வீட்டில் மடி, தீட்டு என்ற உருவில் வரும். மாதா கோவிலுக்குப் போகும் வீட்டில் பாவமன்னிப்புப் பற்றிய பயமாக வரும். மதமே வேண்டாம் என்பவனை இரவெல்லாம் பூட்டை இழுத்துப் பார்க்க வைக்கும். ஒருவன் எதை அதிகமாக மதிக்கிறானோ, அதன் உடையைப் போட்டுக்கொண்டு வருவது இதன் இயல்பு. நம் பிள்ளை தொழுகையை மதிக்கிறான். ஆகவே அவனிடம் ஒளுவின் வேடத்தில் வந்திருக்கிறது.

சில பிள்ளைகளுக்குக் கழுவுவதைவிடக் கொடிய தொல்லை ஒன்று உண்டு. அல்லாஹ்வைப் பற்றியும் ரசூலைப் பற்றியும் வாயால் சொல்லக் கூசும் எண்ணங்கள் தாமாக எழும். தான் காஃபிராகிவிட்டோமோ என்று உள்ளுக்குள் சாகிறான். யாரிடமும் சொல்ல மாட்டான். ஸஹாபாக்களுக்கே இத்தகைய எண்ணங்கள் வந்தன. அவர்கள் நாயகத்திடம் (ஸல்) முறையிட்டபோது, அந்த எண்ணத்தை வெளியே சொல்லவும் அஞ்சுகிற அவர்களுடைய நிலையே தெளிவான ஈமான் என்று அன்னார் கூறினார்கள். இந்த ஒரு செய்தியைப் பிள்ளைக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவனுடைய வாய் திறக்க இதுவே வழியாகலாம்.

பரிவு எப்போது தீங்காகிறது?

இனி இரண்டாம் கேள்வி. இந்நோயின் சக்கரம் சுற்றும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான் இதற்கு விடை கிடைக்கும். ஒரு சந்தேகம் எழுகிறது, அச்சம் பற்றுகிறது, கழுவினால் அச்சம் தணிகிறது. தணிந்ததே என்று மனம் மகிழ்கிறது. ஆனால் அந்த மகிழ்ச்சியில் மனம் ஒரு பொய்யைப் பாடமாகப் படித்துக்கொள்கிறது: "கழுவியதால்தான் தப்பித்தேன்." அடுத்த முறை அச்சம் இன்னும் பெரிதாக வருகிறது, ஒரு குடம் போதாமல் இரண்டு குடம் வேண்டியிருக்கிறது.

இப்போது வீட்டாரைப் பாருங்கள். தாய் தண்ணீர் ஊற்றுகிறாள். தங்கை அவன் பாயைத் தொடாமல் ஒதுங்கி நடக்கிறாள். "சுத்தமாகிவிட்டதா அம்மா?" என்று இருபது தடவை கேட்டால், இருபது தடவையும் "ஆகிவிட்டது கண்ணே" என்கிறாள். தந்தை, "அந்தப் பாவம் என் கழுத்தில், நீ போய்த் தொழு" என்கிறார். எல்லாம் அன்புதான். ஆனால் ஒவ்வொன்றும் அந்தச் சக்கரத்துக்கு ஊற்றுகிற எண்ணெய். மேலும், ஒருவர் சுமையை மற்றவர் சுமக்க முடியாது என்பது குர்ஆன் பல இடங்களில் கூறும் உண்மை. பிள்ளையும் அதை ஓதியவன்தான். அத்தாவின் வாக்குறுதி அவனுக்கு அரை மணி நேரம்கூடத் தாங்காது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் ஒரு நிகழ்ச்சி உண்டு. உமர் (ரலி) அவர்களும் அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்களும் ஒரு கூட்டத்தாரோடு பயணம் செய்து ஒரு நீர்த் தொட்டியை அடைந்தார்கள். இங்கே காட்டு மிருகங்கள் வந்து நீர் குடிப்பதுண்டா என்று அம்ரு (ரலி) தொட்டிக்காரரிடம் விசாரித்தார்கள். உமர் (ரலி) அவர்களோ, அதை எங்களுக்குச் சொல்ல வேண்டாம் என்று தொட்டிக்காரரைத் தடுத்துவிட்டார்கள். விசாரித்து அறிவது மார்க்கம் சுமத்தாத சுமை. அந்தச் சுமையை ஏற்றிக்கொள்ள அந்தக் கலீபா சம்மதிக்கவில்லை. கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவதும் ஒரு ரஹ்மத்தாக இருக்க முடியும் என்பதை இதிலிருந்து பெற்றோர் படிக்கலாம்.

ஆலிம்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஒரே மஸ்அலாவைப் பத்து ஹஜ்ரத்துகளிடம் கேட்டுத் திரியும் பிள்ளைக்குப் பதினோராவது ஃபத்வா மருந்தாகாது. அதுவும் ஒரு கழுவுதலாகவே ஆகிவிடும். காற்றுப் பிரிந்ததோ என்ற ஐயம் வந்தால், ஓசை கேட்கும் வரை அல்லது வாடை தெரியும் வரை தொழுகையை விட்டுப் போக வேண்டாம் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள நபிமொழியின் கருத்து. உறுதியைச் சந்தேகம் நீக்காது என்பது அதிலிருந்து ஃபுகஹாக்கள் எடுத்த விதி. ஓயாத சந்தேகக்காரன் தன் சந்தேகத்தைப் பொருட்படுத்தவே கூடாது என்று மாலிகி ஃபிக்ஹு அவனுக்குத் தனிச் சட்டமே வகுத்திருக்கிறது. இதை ஒரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டு, "இதுதான் உன் சட்டம், இனி இது பற்றி என்னிடம் கேட்காதே" என்று அன்போடு முடித்துவிடுவதே ஆலிமின் கடமை.

கட்டாயப்படுத்தலாமா?

பிள்ளை ஏன் மறுக்கிறான் என்று முதலில் கேட்க வேண்டும். தெருவில் பைத்தியம் என்பார்களே என்ற வெட்கம் ஒன்று. மாத்திரை தன்னை மாற்றிவிடும் என்ற பயம் மற்றொன்று. எல்லாவற்றிலும் பெரியது, கழுவாமல் இருப்பது குற்றம், அதைக் கற்றுக் கொடுக்கும் வைத்தியம் தன் தீனையே பறித்துவிடும் என்ற நம்பிக்கை. தன் ஆகிரத்தைக் காப்பாற்றிக்கொள்வதாக எண்ணித்தான் அவன் எதிர்க்கிறான். அதைப் பிடிவாதம் என்று பெயரிட்டு அடித்தால், அவன் பார்வையில் நாம் தீனுக்கு எதிரியாகிவிடுவோம்.

கேலியும் வேண்டாம். இப்னு அகீல் (ரஹ்) அவர்களிடம் ஒருவர் வந்து, பலமுறை தண்ணீரில் மூழ்கியும் குளிப்பு நிறைவேறியதா என்ற சந்தேகம் தீரவில்லை என்றார். உமக்குத் தொழுகைக் கடமையே இல்லை, புத்தி தவறியவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிட்டது என்று அவர்கள் விடையளித்ததாகக் கிதாபுகளில் உண்டு. முதிர்ந்த ஒருவருக்கு அந்தச் சாட்டை பயன்பட்டிருக்கலாம். பதினாறு வயதுப் பிள்ளையிடம் அதையே சொன்னால், அவன் மிகவும் அஞ்சுகிற பெயரை நாமே சூட்டியதாகும்.

பலவந்தத்தின் கடைசி எல்லை எது என்பதை நம் தமிழகமே பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்டு 6ஆம் தேதி ஏர்வாடியில், மனநோயாளிகளை அடைத்து வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர்கள் போயின. அவர்களை அங்கே விட்டவர்கள் பெரும்பாலும் அவர்களுடைய குடும்பத்தாரே. வழி தெரியாமல் விட்டவர்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை எந்த இடத்திலும் எந்த வகையிலும் தடை செய்திருக்கிறது. ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் நாம் மறுக்கவில்லை. ஆனால் நோய்க்கு மருந்து தேடும்படி கட்டளையிட்டதும் நம் நாயகம்தான் (ஸல்). ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும்.

அப்படியானால் அவன் போக்கில் விட்டுவிடுவதா? அதுவும் கூடாது. தந்தை தன் வீட்டாருக்கு மேய்ப்பாளர், விசாரிக்கப்படுபவர். இங்கே இப்ராஹீம் (அலை) அவர்களின் வரலாறு வழி காட்டுகிறது. அவர்கள் கனவில் கண்டது இறைவனின் கட்டளை. ஆயினும் அவர்கள் பிள்ளையிடம் கனவை எடுத்துக் கூறி, உன் கருத்து என்ன என்று கேட்டதாக ஸாஃப்பாத் சூராவில் வருகிறது. வானத்திலிருந்து கட்டளை வந்த தந்தையே பிள்ளையைக் கலந்து பேசினார் என்றால், டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டிய தந்தை பேசாமல் இழுத்துச் செல்வது எப்படித் தகும்?

பேசியும் அவன் மறுத்தால் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. பிள்ளையின் கையை அடக்க நமக்குச் சக்தி இல்லாமல் போகலாம். நம் கையை அடக்க நமக்குச் சக்தி உண்டு. "கண்ணே, நீ படும் பாடு எங்களுக்குத் தெரிகிறது. உன் அச்சம் பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வாரத்திலிருந்து இந்தக் கேள்விக்கு ஒரு முறைதான் பதில் சொல்வோம். தண்ணீர் நாங்கள் ஊற்றமாட்டோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, சிறிது சிறிதாக விலக வேண்டும். அவன் கத்துவான், அழுவான். அந்த நேரத்தில் கோபிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். நோய்க்குச் செய்த ஊழியத்தைத்தான் நிறுத்துகிறோம். பிள்ளையை விட்டு விலகவில்லை என்பது அவனுக்குத் தெரிய வேண்டும்.

அவன் வராவிட்டாலும் பெற்றோர் மட்டும் மருத்துவரிடம் போகலாம். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தார் பெற்றோருக்கு மட்டுமே பயிற்சி தரும் முறை ஒன்றை வகுத்தார்கள். அச்ச நோய் கொண்ட பிள்ளைகளை வைத்து அவர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளைக்கு நேரடியாகச் சிகிச்சை தந்ததற்கு நிகரான பலன் இதிலும் கிடைத்தது தெரிந்தது. நம் வீடுகளுக்கு இது பெரிய ஆறுதல்.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு. பிள்ளை சாப்பாட்டையும் தண்ணீரையும் விட்டுவிட்டாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ, அவன் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். உயிரைக் காப்பது ஷரீஅத்தின் அடிப்படை நோக்கங்களில் ஒன்று. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

மருந்தும் துஆவும்

இந்நோய்க்கு இரண்டு வழிகளில் சிகிச்சை உண்டு. ஒன்று, அஞ்சுவதைச் சிறிது சிறிதாகச் சந்திக்கவைத்து, கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்குவது. இதை லண்டனில் விக்டர் மேயர் என்பவர் 1966இல் முதன்முதலில் எழுதி வெளியிட்டார். மற்றொன்று மாத்திரை, அது பலன் தர எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம் என்பதால் இடையில் நிறுத்திவிடக் கூடாது. நமக்கு அருகிலேயே வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் இருக்கிறது. சென்னை கீழ்ப்பாக்கத்தில் அரசு மனநலக் காப்பகமும், பெங்களூரில் நிம்ஹான்ஸும் உள்ளன. வெளியே போகத் தயங்குபவர்கள், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். சிகிச்சை தருபவரிடம், ஒளுவில் எது ஃபர்ளு, எது அளவு என்பதை ஓர் ஆலிமிடம் எழுதி வாங்கிக் கொடுத்துவிட்டால், வைத்தியத்துக்கும் மார்க்கத்துக்கும் மோதல் இல்லை என்று பிள்ளையும் கண்டுகொள்வான்.

நம் தறிக்காரர்களுக்கு ஒன்று தெரியும். பாவில் ஓர் இழை அறுந்தால் அதைப் பிணைத்துவிட்டு மேலே நெய்வார்கள். அதுவரை நெய்த சேலையைப் பிரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறவர் வாழ்நாளில் ஒரு சேலையும் முடிக்க மாட்டார். தொழுகையிலும் அல்லாஹ் அப்படித்தான் வைத்திருக்கிறான். ரக்அத்தில் மறதி வந்தால் இரண்டு ஸஜ்தா ஸஹ்வு. அத்தோடு அது நிறைவேறிவிடும். குறையோடு வரும் அடியானை ஏற்றுக்கொள்ளும் ரப்பு அவன். அந்த ரப்பைப் பிள்ளைக்கு அறிமுகப்படுத்துவதே பெற்றோர் செய்யக்கூடிய பெரிய வைத்தியம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் நெஞ்சங்களில் ஊசாட்டத்துக்குப் பதிலாக அமைதியை இறக்குவாயாக! அவர்களுக்கு ஷிஃபாவையும், பெற்றோருக்குப் பொறுமையையும் தந்தருள்வாயாக! ஆமீன்.