முதுமையில் மனத்தெளிவு: அறத்தின் கூலியா, கூட்டு வாழ்வின் கொடையா?

முதுமையில் சிலருக்கு நினைவும் நிதானமும் கடைசிவரை கைகொடுக்கின்றன; சிலருக்கோ பெற்ற பிள்ளையின் பெயர்கூட நழுவிப்போகிறது. இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது மருத்துவத்தின் கேள்வி. ஒழுங்காக வாழ்ந்தவருக்கு மனம் தெளிவாகவே இருக்கும் என்று நம்பலாமா, மறதிக்கு ஆளானவர் எங்கோ தவறியவரா என்பது அறமும் சமயமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. இவ்விரண்டு கேள்விகளும் ஒரே கூரையின்கீழ் ஆராயப்பட்ட இடம் அமெரிக்காவின் கத்தோலிக்கக் கன்னியர் மடங்கள்.

1986-ல் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் டேவிட் ஸ்னோடன், மன்காட்டோ நகரிலிருந்த நோட்ரு டாம் பள்ளிச் சகோதரிகள் சபையின் மடத்தில் தம் ஆய்வைத் தொடங்கினார். 1833-ல் பவேரியாவில், பெண்பிள்ளைகளுக்குக் கல்வி தருவதற்காகத் தோன்றிய சபை அது. பின்னர் ஆய்வு கென்டக்கிப் பல்கலைக்கழகத்துக்கு இடம் மாறியது. அமெரிக்காவின் பல பகுதிகளிலிருந்து 75 முதல் 102 வயது வரையிலான 678 சகோதரிகள் அதில் சேர்ந்தனர். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்படவும், இறந்தபின் மூளையை ஆய்வுக்குக் கொடுக்கவும் அவர்கள் ஒப்புக்கொண்டனர். வாழ்நாள் முழுதும் வகுப்பறையில் நின்றவர்கள் மறைந்த பிறகும் பாடம் சொல்ல இது வழியாயிற்று.

மடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. வெளியுலகில் ஒருவரின் வருமானம், உணவு, புகைப்பழக்கம், மருத்துவ வசதி எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால், எது மூளையைக் காத்தது என்று பிரித்துச் சொல்வது கடினம். மடத்தில் எல்லாருக்கும் ஒரே சமையல், ஒரே மருத்துவ வசதி, ஒரே நேர ஒழுங்கு. புகையும் பிள்ளைப்பேறும் இல்லை. அப்படியிருந்தும் ஒரு சகோதரி தொண்ணூறு வயதில் தெளிவாகப் பேச, அதே உணவறையில் அமர்ந்திருந்த இன்னொருவர் எழுபத்தைந்திலேயே தடுமாறினார். ஒழுங்கான வாழ்க்கை மட்டுமே காரணம் என்றால் இந்த வேறுபாட்டுக்கு இடமே இருந்திருக்காது.

விடையின் ஒரு பகுதி மடத்தின் ஆவணக் காப்பறையில் கிடைத்தது. இளவயதில், துறவற வார்த்தைப்பாடு கொடுப்பதற்கு முன், சகோதரிகள் தம் வாழ்க்கையைச் சுருக்கமாகக் கைப்பட எழுதிக் கொடுத்திருந்தனர். அந்தத் தாள்களில் பத்துச் சொற்களுக்கு எத்தனை கருத்துகள் அடங்கியுள்ளன என்று ஆய்வாளர்கள் எண்ணினர். அதற்குக் ‘கருத்துச் செறிவு’ என்று பெயர். விளக்கத்துக்காக இரண்டு நடைகளைப் பார்க்கலாம். ‘என் தந்தை தச்சர். வீட்டில் ஆறு பிள்ளைகள். நான் பள்ளிக்குப் போனேன்’ என்பது ஒரு நடை. ‘ஆறு பிள்ளைகளைத் தச்சுவேலையால் வளர்த்த தந்தையின் உளியோசையில் விடியும் எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்குப் போவதே எனக்குத் திருநாள்’ என்பது இன்னொன்று. 93 சகோதரிகளின் தாள்களை ஆராய்ந்து 1996-ல் வெளியான முடிவு வியப்பூட்டியது. சராசரியாக 22 வயதில் எழுதியவற்றில் கருத்துச் செறிவு குறைந்திருந்தவர்கள், ஏறத்தாழ 58 ஆண்டுகளுக்குப் பின் நடந்த அறிதிறன் சோதனைகளில் பின்தங்கினர். செறிந்த நடை மூளையைக் காத்ததா, இளமையிலேயே மூளையில் இருந்த வேறுபாடு நடையில் தெரிந்ததா என்பதை அந்தத் தாள்களைக் கொண்டு தீர்மானிக்க முடியாது.

கல்வியும் அதே திசையைக் காட்டியது. பட்டம் பெற்று ஆசிரியைகளாக இருந்தவர்கள், அந்த வாய்ப்பின்றி மடத்தின் அன்றாட வீட்டுவேலைகளைச் செய்தவர்களைவிட நீண்ட நாள், பிறர் உதவியின்றி வாழ்ந்தனர். சம உடையும் சம உணவும் அவர்களைச் சமமாக்க முயன்றன. ஆனால், சிறுமியாக இருந்தபோது கிடைத்த பள்ளியும் கிடைக்காத பள்ளியும் எண்பது வயதிலும் தம் கணக்கைக் கேட்டன.

இந்த ஆய்வில் மிகவும் பேசப்பட்டவர், மேரி என்ற பெயரில் குறிக்கப்படும் சகோதரி. 101 வயதில் இறப்பதற்கு முன்பும் அறிதிறன் சோதனைகளில் நல்ல மதிப்பெண் பெற்றவர். அவருடைய மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோதோ, அல்சைமர் நோயின் அடையாளங்களான புரதப் படிவுகளும் நரம்பணு முடிச்சுகளும் நிறையவே இருந்தன. நோய் மூளையில் இருந்தது, வாழ்வில் தெரியவில்லை. கல்வி, உழைப்பு, உறவு ஆகியவை நரம்பணுக்களுக்கிடையே மாற்றுப்பாதைகளை வளர்த்து வைப்பதால், ஒரு பாதை அடைபட்டாலும் மனம் இன்னொன்றில் நடக்கிறது என்று ஆய்வாளர்கள் விளக்குகின்றனர். இதற்கு ‘அறிதிறன் சேமிப்பு’ என்று பெயர். அதே வேளையில், அல்சைமர் அடையாளங்களோடு சிறு பக்கவாதத் தழும்புகளும் சேர்ந்திருந்த மூளைகளுக்கு உரியவர்களிடம் மறதிநோய் அதிகம் காணப்பட்டது. இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது மனத்தையும் காக்கும் செயல் என்பதற்கு இது ஒரு சான்று.

1990-களில் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகம் கன்னியர், குருக்கள், துறவற சகோதரர்கள் ஆகியோரைக் கொண்டு இன்னொரு நீண்ட ஆய்வைத் தொடங்கியது. அதில் 997 பேரைப் பற்றி 2007-ல் வெளியான அறிக்கையின்படி, கடமையுணர்வும் தன்னொழுங்கும் மிகுந்தவர்களுக்கு அல்சைமர் வரும் வாய்ப்பு மிகக் குறைவாக இருந்தது. அதே ஆண்டு, சிகாகோ வட்டாரத்து முதியோரிடம் அதே குழு நடத்திய ஆய்வு, தனிமையுணர்வு மிகுந்தவர்களுக்கு மறதிநோய் வரும் வாய்ப்பு இருமடங்குக்கு மேல் என்று காட்டியது. வாழ்வுக்கு ஒரு நோக்கம் உண்டு என்ற உணர்வு காப்பாக அமைவதும் பின்னர் தெரியவந்தது.

இங்கேதான் அறக்கேள்வி கூர்மையாகிறது. கடமையுணர்வு உள்ளவருக்கு மனத்தெளிவு நிலைக்கிறது என்றால், அதை நல்லவருக்குக் கிடைத்த கூலி என்று சொல்லத் தோன்றும். விவிலியத்தின் யோபு நூலில் நண்பர்கள் செய்த பிழை இதுவே. யோபுவின் துன்பத்தைக் கண்டு அவருடைய பாவத்தைத் தேடினார்கள். நூலின் முடிவில் கடவுள் அவர்களையே கடிந்துகொள்கிறார். ஆயிரம் பேருக்கிடையே காணப்படும் ஒரு போக்கு, ஒருவரின் தலைவிதிக்குத் தீர்ப்பாகாது. கடமை தவறாத எத்தனையோ துறவியர் மறதிநோயில் மறைந்தனர்.

2024-ல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதிநோய்க்கு வழிவகுக்கும், மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது: குறைந்த கல்வி, செவித்திறன் இழப்பு, பார்வைக் குறை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு, உடற்பருமன், உடலுழைப்பின்மை, புகை, அளவுமீறிய மது, மனச்சோர்வு, தலைக்காயம், காற்று மாசு, தனிமை. இவை எல்லாம் நீங்கினால் ஏறத்தாழ 45 விழுக்காடு மறதிநோயைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணிப்பு. பாதிக்கும் மேற்பட்ட பங்கு வேறெங்கோ இருக்கிறது. பட்டியலில் உள்ளவற்றிலும் பள்ளிக்கூடத்தையும் தெருக்காற்றையும் எந்தத் தனிமனிதரும் தம் ஒழுக்கத்தால் உண்டாக்கிக்கொள்ள முடியாது. தனிமையைப் போக்க இன்னொருவர் வந்தே ஆக வேண்டும்.

நினைவு போன பிறகு அந்த மனிதர் யார் என்ற கேள்வியும் எஞ்சி நிற்கிறது. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1694-ல், கடந்ததைத் தன்னுடையது என்று அறியும் உணர்வே ஒருவரை அவராக்குகிறது என்று வாதிட்டார். அதை அப்படியே ஏற்றால், மறந்தவர் பழைய மனிதர் இல்லை என்றாகிவிடும். புனித அகுஸ்தினாரோ நினைவின் விரிந்த மாளிகையை வியந்து போற்றிவிட்டு, கடவுளை அடைய அதையும் கடந்து செல்ல வேண்டும் என்று கண்டார். அவருக்கு நினைவே கடைசி எல்லை அல்ல.

மடங்களின் அன்றாடம் இதற்குத் தன் வழியில் விடை சொல்கிறது. செபமாலையைச் சேர்ந்து சொல்லும்போது மங்கள வார்த்தை செபத்தின் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்வார்கள். காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்த முதியவர்கள்கூட, பக்கத்தில் இருப்பவர் முற்பாதியைத் தொடங்கியதும் மணியை உருட்டிக்கொண்டு பிற்பாதியைச் சொல்லிவிடுவது உண்டு. அவர்களுடைய மனத்தில் எஞ்சியிருப்பது பாதி. மற்றப் பாதியைச் சமூகம் தாங்குகிறது.

முதுமையின் மனத்தெளிவில் ஒருவரின் முயற்சிக்கு இடம் உண்டு. நடப்பதும் படிப்பதும் மருந்தைத் தவறாமல் எடுப்பதும் அவர் கையில் இருக்கின்றன. ஆனால் அதில் பெரும்பங்கு அவர் கையில் இல்லாதது; பிறர் தந்ததும் அதில் உண்டு. ஆகவே தெளிவோடு இருப்பவர் பெருமை கொள்ளவும், மறந்தவர் வெட்கப்படவும் காரணமில்லை. சிறுமியைப் பள்ளிக்கு அனுப்புவதும், காது மங்கியவருக்குக் கருவி வாங்கித் தருவதும், பெயரை மறந்தவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் சமூகத்தின் கடமை.