நாவின் சுவையும் இல்லறத்தின் அறமும்

நாவின் சுவையை விரும்புவது பற்றா, அறத்தின் ஒரு பகுதியா என்பது இந்தியச் சமயங்களில் மிகப் பழைய கேள்வி. துறவிக்கு இதற்கு விடை எளிது. மணமாகிச் சில மாதங்களே ஆன, சமைப்பதிலும் சாப்பிடுவதிலும் ஆசை மிகுந்த தம்பதிக்கு அது அன்றாடம் அடுப்பங்கரையில் எழும் கேள்வி. சந்தையில் பிஞ்சுக் கத்தரிக்காயாகப் பார்த்துப் பொறுக்குகிறார்கள். மாமியார் வீட்டு வத்தக்குழம்பின் பக்குவத்தைத் தொலைபேசியில் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை முழுவதையும் ஒரு பிரியாணிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். சமய நூல்களைக் கருத்தோடு படிக்கும் ஒருவருக்கு இவ்வளவும் புலனுக்குச் செய்யும் ஊழியமோ என்ற ஐயம் வருவது இயல்பு.

ஐயத்துக்கு ஆதாரம் நிறையவே உண்டு. சமணம் புறத்தவங்கள் ஆறனுள் ஒன்றாக ரசபரித்தியாகத்தை வைக்கிறது. பால், தயிர், நெய், எண்ணெய், இனிப்பு, உப்பு போன்ற சுவைப் பொருள்களைக் கைவிடும் நோன்பு அது. பௌத்தத் துறவி உணவை ஏற்கும்போது, இது களிப்புக்கோ அழகுக்கோ உரியதன்று, உடலைத் தாங்க மட்டுமே என்று எண்ணிக்கொள்ள வேண்டும். நாக்கை வெல்லாதவன் மற்ற எந்தப் புலனை வென்றும் பயனில்லை என்பது பாகவதத்தின் பதினோராம் கந்தம் சொல்லும் கருத்து. தூண்டில் மீன் அங்கே எடுத்துக்காட்டு. நவீன காலத்தில் இதே வழியைக் காந்தி எடுத்துக்கொண்டார். 1930இல் எரவாடா சிறையிலிருந்து ஆசிரம விரதங்களைப் பற்றி எழுதியபோது, உணவை மருந்துபோல உண்ண வேண்டும், சுவையைக் கூட்டுவதற்காக உப்புச் சேர்ப்பதுகூடச் சுவையைத் துறக்கும் அஸ்வாத விரதத்துக்குப் பழுது என்றார்.

காந்தியின் வாழ்க்கையிலேயே இந்த விரதம் ஒரு தம்பதியின் உணவுக்குள் நுழைந்த விதம் கவனிக்கத்தக்கது. தென்னாப்பிரிக்காவில் நோயுற்றிருந்த கஸ்தூர்பாவிடம் உப்பையும் பருப்பையும் விட்டுவிடும்படி அவர் வற்புறுத்தினார். உங்களால் மட்டும் விட முடியுமா என்று கஸ்தூர்பா கேட்டார். அந்த நொடியே ஓராண்டுக்கு இரண்டையும் விடுவதாகக் காந்தி சொல்லிவிட்டார். கஸ்தூர்பா பதறிப்போனார், தான் விட்டுவிடுவதாகவும் கணவர் சபதத்தைத் திரும்பப் பெற வேண்டும் என்றும் மன்றாடி அழுதார். காந்தி இதை மகிழ்ச்சியான நினைவாகவே தம் சுயசரிதையில் எழுதுகிறார். ஆனால் அந்தக் கண்ணீரையும் அவரே மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார். தனி ஒருவன் சுவையைத் துறந்தால் அது அவனோடு முடிகிறது. ஒரே பானையில் உண்ணும் இருவரில் ஒருவர் துறந்தால் அது மற்றவரின் தட்டையும் தொடுகிறது. துறவியின் அளவுகோலை அப்படியே இல்லறத்துக்குக் கொண்டுவர முடியாததற்கு முதல் காரணம் இதுதான்.

இரண்டாவது காரணம் இல்லறம் தொடங்கும் இடத்திலேயே இருக்கிறது. வீட்டுச் சடங்குகளுக்கான கிருஹ்ய சூத்திரங்கள் வகுத்த முறையில், மணத்தீயை மணமக்கள் தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காக்கிறார்கள். அந்தத் தீயில் அவர்கள் சேர்ந்து செய்யும் முதல் வேள்விகளுள் ஒன்று ஸ்தாலீபாகம், அதாவது பானையில் சமைத்த சோற்றை அக்கினிக்குப் படைப்பது. ஆபஸ்தம்பர் சொல்லும் முறைப்படி அதற்கான நெல்லை மனைவி குத்துகிறாள். சோறு ஆக்குவது சடங்குக்கு வெளியே நிற்கும் வேலையாக இல்லை, சடங்கே அதுதான். மனு முதலிய தரும நூல்கள் இல்லறத்தானுக்கு ஐந்து கொலைக்களங்கள் உண்டு என்கின்றன: அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், நீர்க்குடம். உயிர்கள் அறியாமல் மடிகிற அந்த ஐந்து இடங்களின் குற்றத்துக்குக் கழுவாயாகவே ஐந்து பெருவேள்விகள் விதிக்கப்பட்டன. சமையல் குற்றமற்ற செயல் என்று யாரும் பாசாங்கு செய்யவில்லை. அதை நிறுத்தச் சொல்லவும் இல்லை.

திருவள்ளுவர் தரும் ஐந்தின் பட்டியல் வேறு. மறைந்த முன்னோர், தெய்வம், விருந்தினர், சுற்றத்தார், தான் என்று அவர் எண்ணுகிறார். ஐந்தாவதாகத் ‘தான்’ நிற்பதுதான் வியப்பு. எல்லா அறங்களையும் செய்ய ஒருவன் முதலில் இருக்க வேண்டுமே, ஆகவே தன்னைக் காப்பதும் அறமாயிற்று என்று உரையாசிரியர் பரிமேலழகர் விளக்கம் தருகிறார். பசித்த வயிற்றோடு பிறருக்குப் பரிமாறிக்கொண்டே இருப்பதை வள்ளுவர் கேட்கவில்லை. தைத்திரீய உபநிடதத்தின் பிருகுவல்லியும் இதே திசையில்தான் போகிறது. பிருகு தவமிருந்து பிரமத்தைத் தேடும்போது முதலில் கண்டடைவது அன்னத்தை. பிறகு அவன் பிராணன், மனம், அறிவு, ஆனந்தம் என்று மேலே போகிறான். ஆனாலும் மேலே போனதால் அன்னம் இழிந்ததாகிவிடவில்லை. அன்னத்தைப் பழிக்காதே, ஒதுக்காதே, பெருக்கு, தங்க இடம் கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாதே என்ற விரதங்கள் அந்தப் படிகளுக்குப் பிறகே வருகின்றன.

இவையெல்லாம் உணவைப் பற்றியவை, சுவையைப் பற்றியவை அல்லவே என்று ஒருவர் மறுக்கலாம். அப்படியானால் கீதையின் பதினேழாம் அத்தியாயத்தைப் பார்க்க வேண்டும். அது ராஜச உணவாக எண்ணுவது மிகு புளிப்பு, மிகு உப்பு, மிகு காரம் என அளவு மீறியவற்றை. சாத்துவிக உணவுக்கு அது தரும் அடைமொழிகளில் சுவையுள்ளது, நெய்ப்புள்ளது, மனத்துக்கு இனியது என்பவையும் உண்டு. தாமச உணவின் இலக்கணத்திலோ பழையதாகிச் சாரம் போனது என்ற குறிப்பு வருகிறது. சப்பென்று சமைத்தால் சாத்துவிகம் என்பது பரவலான நம்பிக்கை. நூலில் அதற்கு இடமில்லை. சுவை போன சோற்றை அது கீழ்ப்படியில்தான் வைத்திருக்கிறது.

மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் நளன் கதை இன்னும் தெளிவானது. தமயந்தியின் சுயம்வரம் முடிந்ததும் தேவர்கள் நால்வர் மணமகனுக்கு வரம் தருகிறார்கள். அவர்களுள் யமன், தருமத்துக்கே அதிபதி, இரண்டு வரம் தருகிறான். ஒன்று தருமத்தில் வழுவாத நிலை. மற்றொன்று சமைத்த அன்னத்தில் சுவை. மணநாளில், ஒரே கடவுளின் கையிலிருந்து, இரண்டும் சேர்ந்து வருகின்றன. புதுமணத் தம்பதியின் சுவையாசை பற்றிய கேள்விக்கு இதைவிட நேரான விடை இதிகாசங்களில் கிடைப்பது அரிது. அந்த வரம் வீண்போகவும் இல்லை. சூதில் நாட்டை இழந்து, உருமாறி, பாகுகன் என்ற பெயரில் தேரோட்டியாக விதர்ப்பத்துக்கு நளன் வரும்போது அவனை முகத்தால் அறிய வழியில்லை. தமயந்தி தோழி கேசினியை அனுப்பி அவன் சமைத்த இறைச்சியில் கொஞ்சம் கொண்டுவரச் செய்து வாயில் இடுகிறாள், அடையாளம் கண்டுகொள்கிறாள். பலகாலம் முன்பு உண்ட கைப்பக்குவம் நாவில் தங்கியிருந்தது. அவளுடைய நாக்கு அங்கே புலனின்பத்துக்கான கருவியாக மட்டும் நிற்கவில்லை, ஒரு மனிதனை அறியும் கருவியாகவும் நிற்கிறது.

சுவை எங்கே இருக்கிறது என்ற கேள்வியைச் சங்கப் பாடல்கள் அடுப்பங்கரைக்கே கொண்டுவருகின்றன. குறுந்தொகையின் 167ஆம் பாடல் கூடலூர் கிழார் பாடியது. மகளின் புதுக்குடித்தனத்தைப் போய்ப் பார்த்துவந்த செவிலி, பெற்ற தாயிடம் சொல்கிறாள். முற்றிய தயிரை அந்தப் பெண் மெல்லிய விரல்களால் பிசைகிறாள். கையைத் துடைத்துக்கொண்ட சேலையை மாற்றாமல் அப்படியே உடுத்தியிருக்கிறாள். தாளிப்பின் புகை மைதீட்டிய கண்ணில் படிகிறது. தானே துழாவி ஆக்கிய புளிக்குழம்பை இலையில் இடுகிறாள். இன்றைய மோர்க்குழம்பின் மூத்த உறவாக இதைக் கருதலாம். கணவன் இனிதென்று உண்கிறான். அவள் முகத்தில் மகிழ்ச்சி மிக நுண்மையாகத் தோன்றி நிற்கிறது.

அவ்வளவுதான் பாட்டு. ஆனால் புலவர் எதையெல்லாம் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். செல்வமாக வளர்ந்த பெண் சேலை அழுக்கானதைப் பொருட்படுத்தவில்லை. கண் எரிந்தாலும் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. குழம்பு உண்மையிலேயே எவ்வளவு நன்றாக இருந்தது என்று பாட்டு விரித்துச் சொல்வதில்லை. சொல்லியிருந்தால் அது சமையல் குறிப்பாக முடிந்திருக்கும். இனிமை பாத்திரத்தில் இருந்ததா, அவன் நாவில் இருந்ததா, அவள் கவனித்துக்கொண்டிருந்த அவன் முகத்தில் இருந்ததா என்று பிரித்துக் காட்ட முடியாதபடி மூன்றையும் ஒரே இடத்தில் கட்டி வைத்திருக்கிறார் கூடலூர் கிழார்.

வேறு இரு பாடல்கள் அதே கேள்வியை மறுபக்கத்திலிருந்து அணுகுகின்றன. போதனார் பாடிய நற்றிணை 110இல், பொற்கிண்ணத்தில் தேன் கலந்த பாலை ஏந்திச் செவிலியர் பின்னால் ஓடிவர, உண்ணமாட்டேன் என்று பந்தலைச் சுற்றி ஓடிய சிறுமி, மணமான பின் கணவன் குடும்பம் வறுமையுற்றபோது தந்தை வீட்டுச் சோற்றை நினையாமல், ஒருவேளை விட்டு ஒருவேளை உண்டு வாழ்கிறாள். கபிலரின் ஐங்குறுநூறு 203இல், தலைவன் நாட்டில் தழை மூடிய குழியில் விலங்குகள் குடித்து எஞ்சிய கலங்கல் நீர், தாய்வீட்டுத் தோட்டத்துத் தேன் கலந்த பாலைவிட இனிது என்கிறாள் தலைவி. பொருளில் இல்லாத இனிமையை உறவு தருகிறது. எனவே சுவையைத் தேடுவதை முழுக்க நாக்கின் வேட்கை என்று ஒதுக்கிவிட இயலாது. அதே சமயம், சுவையே இல்லாதபோதும் இல்லறம் நிற்கும் என்பதையும் இந்தப் பாடல்கள் காட்டிவிடுகின்றன. சுவை இன்றியமையாதது என்று வாதிடுவோர் இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

குறுந்தொகைக் கணவன் சொன்னது உண்மையா என்ற சிக்கலும் சிறியதன்று. புதிதாக மணந்த வீட்டில் ஒவ்வொரு வேளையும் இது எழுகிறது. இரு வேறு வீட்டு ருசிகள் ஒரே அடுப்பில் சந்திக்கின்றன. ஒரு வீட்டில் சாம்பாரில் சிட்டிகை வெல்லம் உண்டு, மற்ற வீட்டில் அது குற்றம். ஒருவருக்கு ரசத்தில் மிளகு தூக்கலாக வேண்டும், மற்றவருக்குப் புளி. உப்புக் குறைந்த குழம்பை “நன்றாக இருக்கிறது” என்று சொன்னால் அது பொய்யாகாதா? வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் வாய்மைக்குத் தரும் இலக்கணம், எவருக்கும் தீங்கு தராத சொல் என்பது. குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றும் அவர் இசைகிறார். முதல் வாரத்தில் சமைத்துத் தோற்றுத் தளர்ந்திருப்பவரிடம் சொல்லும் பாராட்டை இந்த இலக்கணம் தாங்கும். ஆனால் சமையலைக் கலையாக நேசித்து நாளுக்கு நாள் தேற விரும்பும் துணையிடம் அதே பாராட்டு தீங்காகிறது; அவர் திருந்தும் வழியை அது அடைக்கிறது. “உப்பு ஒரு கல் குறைகிறது, தாளிப்பு அருமை” என்று சொல்பவர் உண்மை, அன்பு இரண்டில் ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுவிடவில்லை. சபையில், அதுவும் உறவினர் முன்னால், இதையே சொன்னால் அது வேறு செயல்.

சுவை விருப்பம் எந்த இடத்தில் பற்றாகிறது? திருக்குறளில் இரண்டு எல்லைகள் தெளிவாக உள்ளன. மருந்து அதிகாரம் உடலின் எல்லையை வரைகிறது: முன் உண்டது செரித்ததை அறிந்து, பசித்த பின், அளவோடு உண்ண வேண்டும். விருந்தோம்பல் அதிகாரம் வாசலின் எல்லையை வரைகிறது: விருந்தினர் வெளியே இருக்க உள்ளே தனியாக உண்பது அமிழ்தமேயானாலும் தகாது. தனக்கென்றே சமைப்பவன் பாவத்தையே உண்கிறான் என்ற கீதையின் மூன்றாம் அத்தியாயக் கருத்தும் இதற்கு மிக அருகில் நிற்பது. இருவர் மட்டும் உள்ள புதுக்குடித்தனத்துக்கு இந்த எச்சரிக்கை மிகவும் பொருந்தும். ஒருவருக்கொருவர் சமைத்து ஊட்டுவதில் உலகமே இருவராகச் சுருங்கிவிடும் அபாயம் அந்த மாதங்களில்தான் அதிகம்.

பெரியபுராணத்து இளையான்குடி மாறனார் வரலாற்றில் இந்த இரு எல்லைகளும் சுவையும் ஒருங்கே வருகின்றன. வறுமை முற்றிய வீடு, மழை பெய்யும் நள்ளிரவு, பசியோடு வந்து நிற்கும் அடியார். அன்று பகலில் விதைத்த நெல்லை மாறனார் வயலிலிருந்து வாரிக்கொண்டு வருகிறார். விறகில்லை என்றதும் கூரைவரிச்சை அறுத்துத் தருகிறார். கறிக்குக் குழியில் முளைத்திருந்த கீரையைப் பறிக்கிறார். கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இந்தத் தியாகத்தோடு நிறுத்திவிடுவார்கள். சேக்கிழார் நிறுத்தவில்லை. அந்த ஒரே கீரையைக் கொண்டு மாறனாரின் மனைவி தம் கைத்திறத்தால் வெவ்வேறு கறிகள் ஆக்கினார் என்கிறார். பசிக்கு ஒரு கறி போதுமே. கூரையைப் பிய்த்து எரிக்கும் நிலையிலும் வந்தவரின் நாவை அவர் எண்ணிப் பார்த்தார். சுவை அறத்தின் மேல் தூவிய அலங்காரம் என்ற எண்ணத்தை இந்த ஒரு செயல் மறுத்துவிடுகிறது. அடியாரை அடியாராக மதித்தது அங்கே பல கறிகளாக இலையில் விழுந்தது.

அந்த அம்மையாரின் பெயரைப் பெரியபுராணம் தரவில்லை. அறுபத்துமூவர் வரிசையில் கணவர் நிற்கிறார். சுவை அறமானால் அதன் உழைப்பு யாருடையது என்ற கேள்வியை இந்த இடத்தில் தவிர்க்க முடியாது. ஸ்தாலீபாகத்தில் நெல் குத்துபவள், குறுந்தொகையில் புகையில் நிற்பவள், இளையான்குடியில் கீரை சமைப்பவர் எல்லோரும் பெண்கள். மரபு உணவைப் போற்றிய அளவுக்கு ஆக்கியவர்களைப் போற்றவில்லை என்பது மறுக்க முடியாத குறை. ஆனாலும் சமையலைப் பெண்ணின் கடமையாக மட்டும் வைக்க மரபையே சான்று காட்டுவோருக்கு அதே மரபு துணை நிற்காது. அன்னத்தின் சுவையை வரமாகப் பெற்றவன் நளன். விராடன் அரண்மனையில் மடைப்பள்ளியை ஏற்றவன் பீமன். விருந்தினரையும் சுற்றத்தாரையும் ஓம்பும் ஐந்து கடமைகளை வள்ளுவர் சொல்வது வாழ்க்கைத் துணைநலத்தில் இல்லை. அதற்கு முந்திய இல்வாழ்க்கை அதிகாரத்தில், ‘இல்வாழ்வான்’ என்று ஆண்பாலில் பேசும் குறள்களை அடுத்து அவை வருகின்றன. இருவரும் வேலைக்குப் போய்வரும் வீட்டில், கணவன் அரிசி களைந்து உலை வைப்பதற்கு அந்த அதிகாரமே போதிய சான்று.