கல்லில் கடைசி வரி

1987 ஒக்ரோபர் 10ஆம் திகதி, கோப்பாயில் இந்தியப் படையுடன் நடந்த சண்டையில் ஒரு பெண் இறந்தாள். வயது இருபது. இயக்கப் பெயர் மாலதி. வீட்டுப் பெயர் சகாயசீலி, மன்னார் ஆட்காட்டிவெளியில் பேதுருவின் மகள். விடுதலைப் புலிகளின் பெண் போராளிகளில் களத்தில் விழுந்த முதல் ஆள் அவள்தான். காயப்பட்டதும் துவக்கைத் தோழிகளிடம் கொடுத்துவிட்டுச் சயனைட் குப்பியைக் கடித்தாள் என்பது இயக்கம் சொன்ன வரலாறு. பிறகு அவள் பெயரில் ஒரு படையணி உருவானது. அவள் இறந்த நாள் பெண்கள் எழுச்சி நாள் ஆனது.

ஆட்காட்டிவெளிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அது கட்டுக்கரைக்குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற நாடு. காலபோகம் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள். அந்த மண்ணில் வளர்ந்த பிள்ளை எதற்குச் சிரித்தாள், யாரோடு கோபம் போட்டாள், கோயில் திருநாளுக்கு என்ன சட்டை கேட்டாள்? எந்த நினைவுக் கூட்டத்திலும் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பெயர் பெரிதாகப் பெரிதாகப் பிள்ளை சிறுத்துப்போனாள். சண்டையில் செத்த ஒரு பிள்ளை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி என்னை விடாமல் பிடித்திருப்பது இதனால்தான்.

கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளும் இருக்கிறது. சின்னம்மாவின் மகள் பள்ளிக்கூடத்துக்கென்று போனவள் திரும்பவில்லை. கடிதம் மட்டும் வந்தது. 2007 கடைசியில் மன்னார்க் களமுனையில் முடிந்துபோனாள். ஆட்காட்டிவெளி மாவீரர் துயிலும் இல்லத்தில் விதைத்தார்கள். அங்கே எல்லாக் கல்லறைகளும் ஒரே அளவு. உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறை, கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல். இயக்கப் பெயர், பதவி, வீரச்சாவடைந்த திகதி என்று எல்லாம் ஒழுங்காக எழுதியிருப்பார்கள். தாய் சொல்ல விரும்பியதற்கு அங்கே இடம் இருக்கவில்லை. மாவீரர் நாளில் பெற்றோருக்குத் தென்னங்கன்று கொடுப்பார்கள், மரியாதையாக நடத்துவார்கள். அந்த மரியாதையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனாலும் கல் இயக்கத்தின் கல்லாகத்தான் இருந்தது.

2008 மே மாதம் பக்கத்து அடம்பன் இராணுவத்திடம் விழுந்தது. போர் முடிந்தபின் வடக்கு கிழக்கில் துயிலும் இல்லங்களை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள், ஆட்காட்டிவெளியும் தப்பவில்லை. 2016 நவம்பரில் சனங்கள் பற்றையை வெட்டித் துப்புரவாக்கி விளக்கேற்றப் போனபோது உடைந்த கல்லுகள் குவியலாய்க் கிடந்தன. தன் பிள்ளை எந்த வரிசையில் கிடந்தாள் என்று சின்னம்மாவுக்குத் தெரியவில்லை. ஒரு துண்டைத் தூக்கிப் பார்ப்பார். பாதிப் பெயர் யாரோ ஒருவருடையதாக இருக்கும். முந்தானையால் மண்ணைத் துடைத்துவிட்டுத் திருப்பி வைப்பார். அடுத்த துண்டு. பிறகு கண்ட இடத்தில் குந்தியிருந்து சிட்டியைக் கொளுத்தினார்.

சில வருடங்களுக்குப் பிறகு அவுஸ்திரேலியாவில் இருக்கும் மகனிடம் போய் வந்தார். அங்கே சின்னச் சின்ன ஊர்களிலும் சந்தியில் ஒரு நினைவுத் தூண் நிற்கும், அதில் முதலாம் உலகப் போருக்குப் போன ஊர்ப் பிள்ளைகளின் பெயர்கள் இருக்கும். அந்தப் போரில் அவுஸ்திரேலியர் ஏறத்தாழ 60,000 பேர் மாண்டார்கள். உடல்களை ஊருக்குக் கொண்டுவரவில்லை. பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கலிபொலியிலும் விழுந்த இடத்துக்குக் கிட்டவே புதைத்தார்கள். பெரும்பாலான தாய்மாருக்கு அந்தக் கல்லைக் கண்ணால் காணவே கிடைக்கவில்லை. ஆனால் 1917இல் தொடங்கிய பிரித்தானியப் பேரரசின் போர்க்கல்லறை ஆணையம் ஒரு காரியம் செய்தது. சிப்பாயோ அதிகாரியோ, எல்லோருக்கும் ஒரே கல். அந்தக் கல்லின் அடியில் குடும்பத்துக்கென்று ஒரு வரி விட்டார்கள். இடைவெளியும் சேர்த்து 66 எழுத்து. எழுத்துக்கு மூன்றரைப் பென்ஸ் என்று பிரித்தானியக் குடும்பங்களிடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. ஏற்றத்தாழ்வு வரும் என்று நியூசிலாந்து அந்த வரியையே வேண்டாமென்றது. இருந்தும், அரசு எடுத்துக்கொண்ட பிள்ளையில் ஒரு வரியளவாவது தாய்க்குத் திரும்பிக் கிடைத்தது என்பதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

“பயங்கரவாதிக்குக் கல்லறையா?” என்று கொழும்பில் கேட்பார்கள். 1971இலும் 1987–89இலும் ஆயுதம் எடுத்த ஜே.வி.பி. தன் இறந்தவர்களை ஒவ்வொரு நவம்பரும் பகிரங்கமாக நினைவுகூருகிறது. அந்தக் கட்சியின் தலைவர் இன்று நாட்டின் ஜனாதிபதி. தெற்குத் தாய்க்கு அழ அனுமதி உண்டென்றால் மன்னார்த் தாய்க்கும் இருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் சொல்ல வேண்டியவை உண்டு, அவை இன்னும் கடினமானவை. இருபது வயதுப் பிள்ளையின் கழுத்தில் சயனைட்டைக் கட்டிவிட்டது பிழை. கடைசி வருடங்களில் வீடு வீடாகப் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு போனதும் பிழை. 1990 ஒக்ரோபரில் எருக்கலம்பிட்டி உட்பட மன்னாரிலிருந்தும் வடக்கு முழுவதிலிருந்தும் முஸ்லிம்களை இயக்கம் துரத்தியது. கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு அவர்கள் புத்தளம் போனார்கள். அவர்களிடம் போய் எங்கள் கல்லறைக்கு வணக்கம் செலுத்துங்கள் என்று கேட்க எனக்கு வாய் வராது. கேட்கத் தேவையுமில்லை. தாய் பிள்ளைக்கு அழுவதும் ஊர் ஒரு படைக்கு வணக்கம் செலுத்துவதும் வேறு வேறு. இரண்டையும் ஒன்றாகக் கட்டி வைத்ததால்தான் அரசுக்கு ஒரே புல்டோசரால் இரண்டையும் இடிக்க முடிந்தது.

மறுகரையிலும் தாய்மார் இருந்தார்கள். 1998இல் கிளிநொச்சிச் சண்டையில் மகனைத் தொலைத்த விசாகா தர்மதாச, சிப்பாய்கள் அடையாளத் தகடு அணிய வேண்டும் என்று சொந்த இராணுவத்திடமே போராட வேண்டியிருந்தது. இயக்கப் பிள்ளைகளும் தகடு கட்டியிருந்தார்கள். 2023இல் கொக்குத்தொடுவாயில் தண்ணீர்க் குழாய் போட மண்ணைத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அங்கே தகடுகளும் கிடைத்தன. செத்தபின் பிள்ளையை இனங்காண ஒரு தகடாவது இருக்கட்டும் என்று ஏங்குவதில் சிங்களத் தாய்க்கும் தமிழ்த் தாய்க்கும் நான் வித்தியாசம் காணவில்லை.

போன மாரியில் அந்த 66 எழுத்துக் கதையைச் சின்னம்மாவுக்குச் சொன்னேன். உங்களுக்குக் கிடைத்தால் என்ன எழுதுவீர்கள் என்று கேட்டேன். கன நேரம் யோசிக்கவில்லை.

“ஞானஸ்நானப் பேரைப் போடு. பிறந்த திகதியைப் போடு. இயக்கப் பேரையும் போடு.”

இயக்கப் பெயர் எதற்கு, அவர்கள் வைத்த பெயர்தானே என்றேன்.

“அதுவும் அவள்தானே மோனே. கடைசியா எனக்கு எழுதின கடிதத்தில கீழ அந்தப் பேர்தான் கிடக்கு, அவளின்ர கையெழுத்தில.”

இறந்த திகதி?

“அது அவங்கள் வந்து சொன்ன திகதி. எனக்குத் தெரியாது. போடாத.”

இயக்கப் பெயரைப் பற்றி நானும் அவரும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் வரி அவருடையது. மன்னார் ரவுணில் கல்லில் எழுத்து வெட்ட எவ்வளவு கேட்கிறார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். சேமக்காலையில் அம்மம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் கொஞ்ச இடம் இருக்கிறதாம், உடல் இல்லாமல் கல் மட்டும் வைக்கலாமா என்று பங்குத்தந்தையிடமும் கேட்க வேண்டும்.