யாரைக் கேட்டுச் சக்கரத்தை உடைத்தாய்?

பிறவிச் சக்கரத்தை ஒரு தெய்வமே உடைத்துப் போட்டால் நாம் கும்பிடவேண்டுமா, கோபப்படவேண்டுமா? இந்தக் கேள்வி எனக்கு ஒரு கம்ப்யூட்டர் கேமிலிருந்து வந்தது. 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' என்று பெயர். அப்சிடியன் நிறுவனம் 2015-இல் முதல் பாகத்தையும் 2018-இல் 'டெட்ஃபயர்' என்ற இரண்டாம் பாகத்தையும் வெளியிட்டது. முதல் பாகத்தை இரண்டு முறை முடித்தவன் நான். இரண்டாவதை மறுபடி தொட மனம் வரவில்லை.

முதல் பாகத்தில் ஒரு நாட்டின் குழந்தைகள் ஆன்மா இல்லாமல் பிறக்கின்றன. மூச்சு இருக்கும், கண் திறந்திருக்கும், உள்ளே ஆள் இருக்காது. முற்பிறவிகளைக் காணும் வரம் வாய்த்தவராக நாம் ஊர் ஊராகக் காரணம் தேடிப் போகிறோம். அந்த உலகத்துத் தெய்வங்களெல்லாம் பழங்காலத்து மனிதர்கள் செய்துவைத்தவை என்பது கடைசியில் தெரிகிறது. அந்தக் குழந்தைகளிடமிருந்து களவுபோன ஆன்மாக்களை எங்கே அனுப்புவது என்ற முடிவைக் கதை நம் கையிலேயே விடுகிறது. அன்றிரவு லேப்டாப்பை மூடிவிட்டு வெகுநேரம் மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாம் பாகத்தில் கப்பல், கடல், தீவுகள் எல்லாம் கண்ணுக்கு நிறைவு. ஒளிக்கும் மறுபிறப்புக்கும் தெய்வமான எயோத்தாஸ், கேமில் நமக்குச் சொந்தமான கோட்டைக்கு அடியிலிருந்த ராட்சதச் சிலைக்குள் புகுந்து எழுந்து, கோட்டையை நொறுக்கிவிட்டுக் கடலுக்குள் நடக்கிறான். போகிற வழியில் எத்தனையோ உயிர்கள் அவனுக்கு இரை. உகைசோ என்ற பழைய நகரத்தில், உயிர்களை மறுபிறவிக்கு அனுப்பும் சக்கரம் இருக்கிறது. அதை உடைக்கப் போகிறான். கெட்ட எண்ணம் கிடையாது. தெய்வங்களின் பிடி விட்டு மனிதர்கள் சொந்தக் காலில் நிற்கட்டும் என்கிறான். அவனைத் துரத்திப் பிடித்தால் பேசலாம், வாதாடலாம், கெஞ்சலாம். என்ன சொன்னாலும் சக்கரம் உடையும்.

அது உடைந்தபோது எனக்கு என் பாட்டிதான் நினைவுக்கு வந்தாள். எங்கள் சந்திரகிரிக்குப் பக்கத்தில் ஸ்ரீனிவாசமங்காபுரம். பத்மாவதியை மணந்த சீனிவாசன் ஆறு மாதம் அங்கே தங்கிவிட்டு வேங்கட மலை ஏறினான் என்பது ஐதீகம். அந்த வழிதான் ஸ்ரீவாரி மெட்டு, 2,388 படிகள். பன்னிரண்டு வயதில் பாட்டியோடு ஏறினேன். படிக்குப் படி குனிந்து மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக்கொண்டே வந்தாள். பொட்டலம் காலியானதும் விரலிடுக்கில் ஒட்டியிருந்ததை எச்சில்கூடப் படாமல் தேய்த்துத் தேய்த்து இன்னும் நாலு படிக்கு வைத்தாள்.

"அடுத்த பிறவி வேணாம்னு கேக்கத்தானே பாட்டி இவ்ளோ கஷ்டம்?" என்றேன்.

"அதை எதுக்குடா வேணாங்கறது? இந்தப் படியோரத்துல ஒரு செடியாப் பொறந்தாக்கூடப் போதும்."

பாட்டி பாசுரம் படித்தவளில்லை. ஆனால் குலசேகராழ்வார் கேட்டதும் இதையேதான். அரசாட்சியை வேண்டாமென்று தள்ளிய அந்தச் சேர மன்னர், வேங்கடத்தில் குருகாக, மீனாக, செண்பக மரமாகப் பிறக்கக் கேட்டார். கோயில் வாசலில் படியாய்க் கிடந்தாலும் சரி என்றார். பெருமாள் கோயில்களில் கருவறை வாசற்படிக்கு இன்றும் குலசேகரப்படி என்றே பெயர். காரைக்காலம்மையார் வேண்டியது நேர்மாறு: பிறவாமை வேண்டும், பிறந்துவிட்டால் இறைவனை மறவாமை வேண்டும். இரண்டும் வேறு வேறு வேண்டுதல். ஆனால் இருவரும் அவரவர் வாயால் கேட்டார்கள்.

எல்லோரும் கடைத்தேறட்டும் என்று நினைத்தவர் இங்கேயும் இருந்தார். திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி நின்று மந்திரத்தை ஊருக்கே சொன்ன இராமானுசர், குருவின் ஆணையை மீறியதற்காக நரகம் வந்தால் அது தனக்கு மட்டும் வரட்டும் என்றார். ஊரார் உயிரை அதற்கு விலையாக வைக்கவில்லை. கேட்டவர் ஏற்றுக்கொள்ளலாம், காதில் வாங்காமல் வீட்டுக்கும் போகலாம். எயோத்தாஸ் அந்த வழியை யாருக்கும் விடவில்லை. வீடுபேறாகவே இருந்தாலும் கேட்காதவன் தலையில் கட்டினால் அது பறிப்புதான். செடியாய்ப் பிறக்க ஆசைப்பட்ட ஒரு கிழவிக்கு அவன் என்ன பதில் சொல்வான்?

கதையாக முதல் பாகமே உயர்ந்தது. கேள்வியாக இரண்டாம் பாகம் என்னை விடவில்லை, அதற்காக அதை மதிக்கிறேன்.

பாட்டி போய் ஆறு வருடமாகிறது. புரட்டாசியில் மெட்டு ஏறும்போது, படியிடுக்கில் முளைத்திருக்கும் செடிகளை நான் மிதிப்பதில்லை.