வெறுங்கைப் பயணம்

ஆலங்குளத்திலிருந்து பெரியவர் ஒருவர் என்னைப் பார்க்க வந்திருந்தார். அங்குள்ள அரசு சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வந்த காரியத்தை உடனே சொல்லவில்லை. இராசபாளையத்துப் பக்கம் மழை இல்லை என்றார். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா விலை ஏறிவிட்டது என்றார். பிறகு மெல்லக் கைப்பேசியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

அவர் மகன் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறான். போய் எட்டு ஆண்டுகள் ஆகின்றன. கடைசி மூன்று ஆண்டுகளாக ஊர்ப்பக்கம் வரவில்லை. இந்தத் தீபாவளிக்கும் வர முடியாது, செலவு தாங்காது என்று சொல்லிவிட்டான். அப்படிச் சொன்னவன், நண்பர்களோடு மூன்று நாள் மலேசியாவுக்குப் போகத் திட்டம் போட்டிருக்கிறான். எந்தப் பேருந்து, எங்கே தங்குவது, தலைக்கு எவ்வளவு என்று நண்பனுக்கு எழுதிய செய்தி கை தவறித் தகப்பனாருக்கு வந்துவிட்டது.

"பெற்றவர்களைப் பார்க்க வரப் பணமில்லை, ஊர் சுற்றப் பணம் இருக்கிறதாம். நீங்கள் கதை எழுதுகிறவர். நியாயத்தைச் சொல்லுங்கள்" என்றார்.

கதை எழுதுகிறவனுக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் படும். அதுதான் அவனுடைய தொல்லை. ஆகவே முதலில் கணக்கைப் பார்த்தோம்.

சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இரவில் பேருந்து ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். 2023 டிசம்பரில் மலேசியா இந்தியருக்கு விசாவை நீக்கிய பிறகு அந்தச் செலவும் இல்லை. ஊருக்கு வருவதென்றால் விமானக் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் கட்டணம் பெரிதல்ல என்று எனக்குப் பட்டது. தங்கைக்குச் சேலை வேண்டும். அவள் பிள்ளைகளுக்குச் சாக்லேட் வேண்டும். தெருவில் உள்ள முழங்கால்களுக்கெல்லாம் கோடாலித் தைலம் வேண்டும். வந்து இறங்கிய மறுநாளே மொய்ப் பத்திரிகை வரும், கோயில் வரி வரும், கைமாற்றுக் கேட்டுப் பள்ளித் தோழன் வருவான். ஊருக்கு வெறுங்கையோடு வர முடியாது. பத்துமலைக்கு வெறுங்கையோடு போகலாம்.

"நாங்கள் எதையாவது கேட்டோமா?" என்றார் பெரியவர். கேட்கவில்லைதான். கேட்காமலே தெரிகிற இடம் அல்லவா வீடு?

வெளிநாட்டில் இருக்கும் தமிழன் அங்கிருந்து பக்கத்து நாட்டுக்குப் போவது புதிதன்று. ஆனால் போன விதம் வேறு. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் மலேயாத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த நம்மவர்கள் ஆயிரக்கணக்கில் சயாமுக்குப் போனார்கள். சரக்கு வண்டிகளில் அடைத்து ஜப்பானியர் கொண்டு போனார்கள். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட ஆள் வேண்டியிருந்தது. காலராவிலும் பட்டினியிலும் மடிந்தவர்கள் பலர். திரும்பி வந்தவர்கள் அதைப்பற்றி அதிகம் பேசவில்லை. அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவர்கள் வேறு யாரோ. போனவர்கள் வெறும் கைகள், கால்கள்.

இன்று யாரும் யாரையும் அப்படிப் பிடித்துப் போவதில்லை. இருந்தாலும் ஒன்றை யோசிக்கிறேன். இந்தப் பையன் சிங்கப்பூருக்குப் போனது அவன் தேர்ந்த பயணமா? வீட்டுக் கடன் தேர்ந்தது. தங்கையின் கல்யாணம் தேர்ந்தது. ஊருக்கு வருவதையும் காதுகுத்தும் கருமாதியுமே தீர்மானிக்கின்றன. யாருக்கும் தேவையில்லாத, அவனே நாள் குறித்து, அவனே இடம் பார்த்துப் போகிற பயணம் இந்த மூன்று நாள் ஒன்றுதான். அது வீண் செலவா? கடமையின் கணக்கேட்டில் எழுதினால் வீண்தான். ஆனால் சம்பாதிக்கிற கை மட்டுமல்ல, தானும் ஒரு மனிதன் என்று அவன் எந்த ஏட்டில் எழுதுவது?

அதற்காக அவன் செய்தது முழுவதும் சரி என்று சொல்லிவிட மாட்டேன். மறைத்தது தவறு. மறைத்ததால்தான் நல்ல காரியம் ஒன்று திருட்டாகிவிட்டது. ஆனால் சொல்லியிருந்தால் போக விட்டிருப்போமா என்று நாமும் நெஞ்சில் கை வைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இதை நான் கேட்டபோது பெரியவர் பதில் சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, சம்பந்தமில்லாதது போல, தாம் ஆலையில் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொன்னார். போனஸ் வாங்கிய அன்று நாலு பேராகப் புளியங்குடி, கடையநல்லூர் வழியாகக் குற்றாலத்துக்குப் போய்விட்டார்களாம். வீட்டில் 'கூடுதல் ஷிப்டு' என்று சொல்லிவிட்டாராம். ஈரத் துண்டு காட்டிக் கொடுத்துவிட்டது.

"அப்பா அடிக்க வந்துவிட்டார். அருவி நன்றாகத்தான் இருந்தது" என்றார்.

எழுந்து போகும்போது வாசலில் நின்று, பத்துமலைக்குப் படி எத்தனை என்று கேட்டார். 272 என்றேன்.

"மூன்றாம் வருஷம் சாரத்திலிருந்து விழுந்து முழங்காலில் அடி. எங்களிடம் சொல்லவில்லை, கூட இருக்கிற பையன் சொன்னான். மெல்ல ஏறச் சொல்ல வேண்டும்" என்றார். பிறகு, "எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல் எப்படிச் சொல்வது?" என்று என்னையே கேட்டார்.