ஏரி யாருக்காக நிறைகிறது?

ஓய்வு மனிதனுக்குத் தேவையா, ஆடம்பரமா என்னும் கேள்வி மிகப் பழையது. உழைப்பைப் போற்றும் சமுதாயங்கள் ஓய்வை எப்போதும் சற்று ஐயத்தோடுதான் நோக்கி வந்துள்ளன. ஆனால் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ், களைத்த உடலுக்கு உறக்கம் போலவே களைத்த உள்ளத்திற்கு விளையாட்டும் மகிழ்ச்சியும் வேண்டும் என்று தமது இறையியல் பெருநூலில் வாதிட்டார். அதற்கு மூன்று வரம்புகளையும் அவர் வகுத்தார். இன்பம் இழிவானதாகவோ தீங்கு பயப்பதாகவோ இருத்தலாகாது. அதில் உள்ளத்தின் சமநிலை குலைந்து போகலாகாது. அது ஆளுக்கும் காலத்திற்கும் இடத்திற்கும் பொருந்தியதாக இருத்தல் வேண்டும்.

இம்மூன்றாம் வரம்பு எத்துணை நுட்பமானது என்பதை ஓர் ஏரியில் படகுச் சவாரிக்குச் சென்றால் உணரலாம். அங்கே காலமும் இடமும் ஒன்று சேர்ந்து ஒரே எண்ணாகத் தெரிகின்றன. அந்த எண்ணே நீர்மட்டம்.

நம்மில் பலர் அறிந்த தேக்கடி ஏரியையே எடுத்துக்கொள்வோம். அதனை இயற்கை ஏரி என்று எண்ணி வருவோர் உளர். 1887இல் தொடங்கி 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் நீர்ப்பரப்பே அது. அன்று மூழ்கிய காட்டு மரங்களின் பட்ட தண்டுகள் நூறாண்டுகளுக்கு மேலாகியும் நீரின் நடுவே கருமையாய் நிற்கின்றன. நீர்க்காகங்கள் அவற்றின் மேல் சிறகு உலர்த்துகின்றன. ஏரி நிறைந்திருக்கும்போது அத்தண்டுகளுள் பல கண்ணுக்குத் தெரிவதில்லை. படகு அகன்ற நீரில் தடையின்றிச் செல்லும். நீர் இறங்க இறங்க அவை ஒவ்வொன்றாய்த் தலை காட்டுகின்றன. மேலே தெரிபவற்றினும் ஓரடி நீருக்குக் கீழே மறைந்திருப்பவையே படகோட்டிக்குப் பேரச்சம். அகன்ற பாதை குறுகிய வாய்க்காலாகிறது. படகுத்துறை கீழே நகர்கிறது. பயணிகள் காய்ந்த சரிவில் நெடுந்தொலைவு இறங்கி நடக்க வேண்டியதாகிறது. மிகவும் வற்றினால், பெரிய படகுகள் ஓய்ந்து சிறியவற்றிற்கு இடம் தர வேண்டும்.

இதில் ஒரு முரண் உண்டு. பள்ளி விடுமுறையால் கூட்டம் மிகுந்து வருவது ஏப்ரல், மே மாதங்களில். ஏரி தாழ்ந்து கிடப்பதும் அதே கோடையில்தான். ஆசை உச்சத்தில் இருக்கும் நாளில் நீர் அடியில் இருக்கிறது. நுழைவுச்சீட்டுக்கு விடியலிலிருந்து காத்து நின்றவருக்கு ஏமாற்றம் எழுவது இயல்பே. 'இவ்வளவு பெரிய ஏரியில் தண்ணீரை விட்டுவைக்கக் கூடாதா?' என்று அவர் கேட்பார். அந்தக் கேள்வியை நாம் எள்ளி ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்கு விடை தேட வேண்டும்.

அந்த நீர் எங்கே போயிற்று? மேற்கே ஓடிக்கொண்டிருந்த ஆற்றைத் தடுத்து, மலையை ஒரு மைலுக்கும் மேலாகக் குடைந்து, அதன் நீரைக் கிழக்கே திருப்பினர். அது லோயர் கேம்ப்பில் மின்சாரம் தந்துவிட்டு முல்லையாறாகக் கம்பம் பள்ளத்தாக்கில் ஓடி வைகையோடு கலக்கிறது. பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதனை நம்பியிருக்கிறது. மழை வாய்த்த ஆண்டுகளில் முதல் போகத்திற்கு ஜூன் முதல் நாள் மதகு திறப்பது வழக்கம். தேனியும் மதுரையும் அந்நீரைக் குடிக்கின்றன. சிவகங்கை, இராமநாதபுரம் வரை அதன் பாசனம் எட்டுகிறது. ஆக, படகுத்துறையில் இறங்கிய ஒவ்வோர் அடியும் எங்கோ ஒரு வயலில் ஏறியிருக்கிறது. நாம் இழப்பென்று எண்ணியது இடம் மாறிய நீர்.

அப்படியானால் படகுச் சவாரி வெறும் பொழுதுபோக்கு, அதனைப் பொருட்படுத்தவே வேண்டாம் என்று கூறிவிடலாமா? அதுவும் நேர்மையாகாது. குமுளியில் வாழும் படகோட்டி, ஜீப் ஓட்டுநர், வழிகாட்டி, ஏலக்காயும் மிளகும் விற்கும் சிறு கடைக்காரர், விடுதியில் பாத்திரம் துலக்கும் பெண் ஆகிய எல்லாருக்கும் அந்த ஏரி சோறு போடுகிறது. ஒருவரின் ஓய்வு மற்றொருவரின் உழைப்பு. படகு நின்றால் அவர்கள் அடுப்பும் தணியும். ஆண்டு முழுவதும் ஆலையிலோ அலுவலகத்திலோ தேய்ந்தவர் தம் பிள்ளைகளுக்கு ஒரு யானைக் கூட்டத்தைக் காட்ட விழைவதும் அற்பமான ஆசையன்று.

எனவே தேவைகளுக்குள் ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை இகழ்ச்சியாக மாறிவிடாமலும் இருக்க வேண்டும். குடிநீர் முதலில், உணவு அடுத்து, இன்பம் அதன் பின். பின்னால் நிற்பது மதிப்பற்றதாகிவிடாது. பந்தியில் பசித்த குழந்தைக்கு முதலில் பரிமாறுகிறோம். அதனால் விருந்தினரை அவமதித்ததாகுமா? இந்த ஏரியின் அமைப்பிலேயே அப்படியொரு நீதி தற்செயலாய் அமைந்துள்ளது. நீர்மட்டம் 104 அடிக்குக் கீழே இறங்கினால் சுரங்கத்தின் வழியே நீர் எடுக்க இயலாது. அடியில் எஞ்சும் நீர் மீனுக்கும், நீர்நாய்க்கும், கரைக்கு வரும் விலங்குகளுக்கும் உரியதாகி விடுகிறது. கட்டியவர்கள் அதனை அறமெனக் கருதிச் செய்யவில்லை. ஆயினும் பகிர்வுக்கு அடித்தளமாய் ஓர் எல்லை வேண்டும் என்பதை அந்தச் சுரங்க வாய் நமக்குக் கற்பிக்கிறது.

படகில் செல்வோருக்கும் நீர் இறங்குவது முழு நட்டமன்று என்பதையும் கூற வேண்டும். நிறைந்த ஏரியில் சவாரி இனிது. ஆனால் விலங்குகள் காட்டுக்குள் இருந்துவிடும். கோடையில் உள்காட்டு ஓடைகள் வற்றும்போதுதான் யானையும் காட்டெருமையும் மானும் ஏரிக்கரைப் புல்வெளிக்கு இறங்குகின்றன. அந்தப் புல்வெளியும் நீர் விலகிய நிலத்தில் முளைத்தது. 1979இல் பாதுகாப்புக் கருதி நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது. அதனை 142 அடிக்கு உயர்த்தும் வழக்கில், உயர்த்தினால் வனவாழ்வு பாதிக்கப்படும் என்பதும் கேரளத்தின் வாதங்களுள் ஒன்று. உச்ச நீதிமன்றம் 2006லும், மீண்டும் 2014லும் 142 அடிக்கு இசைவளித்தது. கீழே வாழ்வோர்க்கு அந்த ஆறடி அச்சம். கிழக்கே உழுவோர்க்கு அதே ஆறடி நம்பிக்கை. இரண்டும் உண்மையான மனித உணர்வுகள். இவற்றுக்கிடையே படகில் அமர்ந்து ஒளிப்படம் எடுப்பவர், தாம் எத்தனை பேருடைய கவலையின் மேல் மிதக்கிறோம் என்பதைச் சிறிதேனும் அறிந்திருத்தல் நன்று.

இங்கே மற்றொன்றையும் பிரித்தறிய வேண்டும். தேக்கடியில் நீர் இறங்குவது மூச்சு வாங்கி விடுவது போன்றது. கோடையில் தாழ்ந்து பருவமழையில் உயரும். எல்லா ஏரிகளும் அப்படியல்ல. அமெரிக்காவில் கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை தேக்கிய மீட் ஏரி, படகுச் சவாரிக்குப் பெயர் பெற்றது. 2000இல் 1,200 அடிக்கு மேல் நின்ற அதன் நீர்மட்டம், 2022 ஜூலையில் ஏறத்தாழ 1,040 அடிக்கு இறங்கியது. 1937இல் ஏரி நிரம்பிக்கொண்டிருந்த நாளுக்குப் பின் அதுவே மிகத் தாழ்ந்த அளவு. படகை நீரில் இறக்கும் சரிவுத் தளங்கள் பல மூடப்பட்டன. நீர் பின்வாங்கப் பின்வாங்கச் சிலவற்றை நீட்டிப் பார்த்தனர். மூழ்கிக் கிடந்த பழம்படகுகள் சேற்றில் வெளிப்பட்டன. நீண்ட வறட்சியும் வெப்பம் மிகுவதும் ஒரு காரணம். வரவுக்கு மிஞ்சிய செலவு மற்றொன்று. 1922இல் ஆற்றைப் பங்கிட்டவர்கள் மழை மிகுந்த ஆண்டுகளின் கணக்கை நம்பி, ஆறு உண்மையில் தருவதைவிட மிகுதியாக எழுதி வைத்தனர். ஆற்றங்கரையின் பூர்வகுடிகளை அந்தப் பேச்சுக்கு அழைக்கவே இல்லை.

ஆக, நீரின் தாழ்வு இரு வகை. பகிர்ந்ததால் வரும் தாழ்வு ஒன்று. மிகைச் செலவால் வரும் தாழ்வு மற்றொன்று. முன்னதைப் பொறுமையோடு ஏற்பது அறம். பின்னதைப் பொறுமையோடு ஏற்பது அறமன்று. அங்கே கேள்வி கேட்பதே கடமை. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே: சேறு, வெடித்த கரை, ஓய்ந்த படகு. வேறுபாட்டை அறிய, நீர் எங்கே போகிறது என்று விசாரிக்கும் பழக்கம் வேண்டும். அதனை முதலில் கண்ணால் காண்பவர் படகில் ஏற வந்தவரே. அவருடைய ஏமாற்றம் முணுமுணுப்பாய் முடியாமல் விசாரணையாய் வளருமாயின், ஓய்வும் ஒரு பொதுப்பணியாகிவிடும்.

நடைமுறையில் இதன் பொருள், நீரைப் படகுக்குப் பொருத்த முயலாமல் படகை நீருக்குப் பொருத்துவது. நீர் குறையும்போது சிறு படகு, குறைந்த ஆட்கள், மெதுவான ஓட்டம். 'இன்று இயலாது' என்று படகோட்டி சொன்னால் அவரை வற்புறுத்தாமை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' என்னும் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அது நீர் தாழ்ந்ததால் நேர்ந்ததன்று; ஆயினும் மகிழ்ச்சிப் பயணத்திற்கும் வரம்பு உயிரைப் போல் இன்றியமையாதது என்பதை அந்த மாலை எழுதிச் சென்றது.

காலத்திற்கும் இடத்திற்கும் பொருந்திய இன்பம் என்று அந்தப் பழைய அறிஞர் சொன்னது இதைத்தான் போலும். மே மாதத்து வெயிலில் படகுத்துறைக்கு இன்னும் முப்பது படி கூடுதலாக இறங்க நேர்ந்தால், நாம் அவற்றைச் சலிப்போடு எண்ண வேண்டியதில்லை. அந்தப் படிகளை மூடியிருந்த நீர் மலைக்கு அப்பால் எவரோ ஒருவரின் நாற்றங்காலை நனைத்திருக்கும். எவர் வீட்டுக் குடத்தையோ நிறைத்திருக்கும். அவர்கள் ஏரியை ஒருமுறையேனும் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் என்ன? ஏரி அவர்களுக்காகவும்தான் நிறைகிறது.